அடைக்கலப் பட்டணத்தின் பிள்ளைகள்

1942 ஆகஸ்ட் 10. பிரான்சின் தென்மத்தியப் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் லெ ஷாம்போன்-சூர்-லின்யோன் என்ற சின்ன ஊருக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார். பெயர் ஜோர்ஜ் லமிரான். ஹிட்லரிடம் தோற்று, ஹிட்லர் சொல்படி ஆடிக்கொண்டிருந்த விஷி அரசின் இளைஞர் துறைப் பொறுப்பாளர். போகிற ஊரிலெல்லாம் கொடி, தோரணம், கைதட்டல் என்று பழகியவர். இந்த ஊரில் எதுவுமில்லை. எளிய சாப்பாடு, ஆலயத்தில் ஒரு ஆராதனை, அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் முன்னால் வந்து அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார்கள். சரியாக 25 நாட்களுக்கு முன்பு, ஜூலை 16, 17 தேதிகளில், பாரிஸ் போலீஸ் 13,000-க்கும் மேற்பட்ட யூதர்களை வீடுவீடாகப் போய்ப் பிடித்திருந்தது. அதில் 4,000-க்கும் அதிகமானோர் குழந்தைகள். அந்தச் செய்தி எங்கள் காதுக்கும் வந்தது என்று கடிதம் சொன்னது. எங்கள் பள்ளியிலும் யூதர்கள் படிக்கிறார்கள், நாங்கள் ஆள் பார்த்துப் பழகுவதில்லை, அப்படிப் பழகுவது நாங்கள் கற்ற சுவிசேஷத்துக்கு விரோதம் என்றது. வேறு மதத்தில் பிறந்தது மட்டுமே குற்றமாக இருக்கிற எங்கள் தோழர்களை நாடுகடத்தவோ கணக்கெடுக்கவோ உத்தரவு வந்தால் அவர்கள் கீழ்ப்படிய மாட்டார்கள், நாங்கள் எங்களால் முடிந்தவரை அவர்களை ஒளித்துவைப்போம் என்பது கடிதத்தின் சாரம்.

லமிரான் படித்துப் பார்த்தார். இது என் துறை இல்லை, மாவட்ட நிர்வாகியிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

இளைஞர்கள் அதிகாரத்தை எதிர்த்தார்கள் என்பது மட்டும் என்றால் அதில் புதுமை இல்லை. எந்தக் காலத்திலும் அது நடக்கிறது. என்னை யோசிக்கவைத்தது வேறு. தப்பிக்க நினைப்பவன் இரகசியமாக ஒளித்துவைப்பான். இவர்களோ, ஒளித்துவைக்கப்போகிறோம் என்று அரசாங்கத்திடமே எழுதிக் கொடுக்கிறார்கள். விவரம் தெரியாத வெகுளித்தனமா என்றால், இல்லை. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் போதகர்களின் நிழல் இருந்தது உண்மைதான். ஆனாலும் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றது பிள்ளைகள். அப்படி நிற்க அவர்களுக்கு யார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்?

*

முதலில், வழக்கமாக எப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்று பார்க்கலாம்.

1780-ல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஞாயிறு பள்ளி தொடங்கினார். ஏன் ஞாயிறு? மற்ற ஆறு நாளும் அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். எழுத்தும் வேதமும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த இந்த ஏற்பாடு சீக்கிரமே உலகம் முழுக்கப் பரவியது. வசனம் மனப்பாடம், பாட்டு, வருகைக்குப் பரிசு, கடைசியில் காணிக்கைப் பை என்று நம்மில் பலருக்கும் தெரிந்த அதே வடிவம்தான்.

அடுத்த நூற்றாண்டில் அந்தக் காணிக்கைப் பைக்குப் பெரிய மவுசு வந்தது. பிள்ளைகளுக்கு அன்பைக் கற்பிப்பது எப்படி என்ற கேள்விக்கு விக்டோரியா காலத்து பிரிட்டன் கண்டுபிடித்த பதில் பென்னி. தூர தேசத்துப் பிள்ளைகளின் படம் போட்ட மிஷன் பத்திரிகைகள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு உண்டியல். 1844-ல் பசிபிக் தீவுகளுக்கு மிஷனரிகளை ஏற்றிச்செல்ல ‘ஜான் வில்லியம்ஸ்’ என்ற கப்பலே வாங்கப்பட்டது. அதற்கான 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையைச் சேர்த்தது பிரிட்டிஷ் பிள்ளைகள்.

சார்ல்ஸ் டிக்கன்ஸ் இதைப் பார்த்துக் கடுப்பாகியிருக்க வேண்டும். 1852-53-ல் தொடராக வந்த ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலில் பார்டிகிள் அம்மாள் என்று ஒருவர் வருகிறார். ஐந்து பையன்கள். ஒவ்வொருவனின் கைச்செலவுக் காசும் ஏதாவது ஒரு தர்ம காரியத்துக்குப் போய்விடும். 12 வயது மூத்தவனின் காசு எங்கோ இருக்கிற பழங்குடியினருக்கு. 7 வயதுக்காரனின் காசு விதவைகளுக்கு. 5 வயதுக் கடைக்குட்டி ஆயுளுக்கும் புகையிலை தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறான். அம்மாவுக்கு ஒரே பெருமை. பிள்ளைகளின் முகத்திலோ கொலைவெறி. அம்மா தலை மறைந்ததும் கதை சொல்லும் எஸ்தரைச் சூழ்ந்துகொண்டு, கிள்ளிக் காலை மிதித்து, காசு கேட்டு நச்சரிக்கிறார்கள். செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுக்குள் புகுந்து பார்டிகிள் அம்மாள் உபதேசம் செய்யும் காட்சி இன்னும் மோசம். அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை செத்துக்கொண்டிருக்கிறது. அது அவர் கண்ணில் படவில்லை.

இது கேலிச் சித்திரம். நியாயமும் சொல்ல வேண்டும். அப்படிச் சேர்ந்த பென்னிகள் எல்லாம் வீணாகவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் சாராள் டக்கர் கல்லூரி, இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல் இங்கிலாந்திலிருந்தே நம்மூர்ப் பெண்பிள்ளைகளின் படிப்புக்காகப் பணம் சேர்த்த ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதில் படித்து வந்த தலைமுறைகள் உண்டு.

ஆனால் டிக்கன்ஸ் கைவைத்த இடம் சரியான இடம். பார்டிகிள் வீட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது அன்பை அல்ல. கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்ற ஏணியைத்தான். அதோடு, நல்லது செய்வது என்பது பெரியவர்கள் தீர்மானிப்பது, நம்மிடமிருந்து பிடுங்கப்படுவது என்றும் கற்றுக்கொண்டார்கள். பெறுகிறவனின் பெயர், முகம், கோபம், நகைச்சுவை எதுவும் அவர்களுக்குத் தெரியாது. படத்தில் இருக்கும் பிள்ளை திரும்பிப் பேசாது, பக்கத்தில் வந்து உட்காராது.

லெ ஷாம்போனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

*

லெ ஷாம்போன் மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட்கள். கத்தோலிக்க பிரான்சில் இவர்கள் கைப்பிடி அளவு. 1685-ல் பதினான்காம் லூயி, அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்திருந்த நான்த் சாசனத்தை ரத்து செய்தான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் பிடிபட்டால் மரணம். ஆண்கள் கப்பல் துடுப்பு வலிக்கும் அடிமைகளாகப் போனார்கள். 1787-ல் சகிப்புச் சாசனம் வரும்வரை, ஒரு நூற்றாண்டு காலம் காட்டிலும் மலைமடிப்பிலும் ஒளிந்து கூடினார்கள். அந்தக் காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பாலைவனம்’. இஸ்ரவேலர் அலைந்த பாலைவனத்தை மனதில் வைத்து வைத்த பெயர்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி சொன்ன கதைகளில் மரீ துரான் இருந்தார். இதே மலைநாட்டின் மறுபக்கமான விவாரே பகுதியில் பிறந்தவர். 1730-ல், பதின்வயதில், தன் அண்ணன் போதகர் என்பதற்காகத் தென்கடலோரத்து ஏக்-மோர்த் கோட்டையில் அடைக்கப்பட்டார். விசுவாசத்தை மறுதலித்து ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை. சொல்லவில்லை. 38 வருடம் உள்ளே இருந்தார். ‘எதிர்த்து நில்’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல் அந்தக் கோபுரத்துக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. செதுக்கியது மரீதான் என்பது மரபு.

ஒடுக்கப்பட்ட நினைவு இருந்தாலே மனிதர்கள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று சொல்லிவிட முடியாது. அடி வாங்கியவன் அடிக்கக் கற்றுக்கொள்வதும் உலகத்தில் நிறைய உண்டு. நம் கண்முன்னேயே உண்டு. நினைவை எந்தப் பக்கம் திருப்புவது என்பது சொல்லிக்கொடுக்கிறவர் கையில் இருக்கிறது. ‘நம்மை எப்படியெல்லாம் செய்தார்கள் பார்’ என்று முடித்தால் அது ஒரு பாடம். ‘நாம் ஓடியபோது யாரோ ஒருவர் கதவைத் திறந்தார், இல்லாவிட்டால் நீயும் நானும் இல்லை’ என்று முடித்தால் அது வேறு பாடம். இந்த மலைமேட்டில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொன்னார்கள்.

*

1934-ல் இந்த ஊருக்கு ஆந்த்ரே த்ரோக்மே என்ற போதகர் வந்தார். 1901-ல் பிறந்தவர். தாய் ஜெர்மானியர். 10 வயதில், அப்பா ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி அம்மாவை இழந்தவர். முதல் உலகப் போரில் அவருடைய ஊரை ஜெர்மன் படை பிடித்துவைத்திருந்தபோது, கிண்ட்லர் என்ற ஜெர்மன் சிப்பாய் அந்தப் பையனிடம் ரொட்டியை நீட்டினார். பேச்சு வளர்ந்தது. கிண்ட்லர் தந்திப் பிரிவில் வேலை செய்பவர், இயேசுவை நம்புவதால் யாரையும் கொல்வதில்லை என்று ஆயுதம் இல்லாமலே போர்முனையில் இருப்பவர். எதிரி உடுப்பில் வந்த அந்த ஆளைத் தன் வாலிபர் ஜெபக் கூட்டத்துக்கே கூட்டிப்போனான் பையன். த்ரோக்மேயின் சாத்வீகம் எந்தப் புத்தகத்திலிருந்தும் தொடங்கவில்லை, அங்கிருந்துதான் தொடங்கியது. நல்லதைச் செய்கிற ஒரு மனிதரை நேரில் பார்ப்பதற்கு ஈடான பாடம் இல்லை என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது.

அவருடைய மனைவி மக்தா. இத்தாலியில் பிறந்தவர். இறையியல் பேச்சில் அதிக ஆர்வம் இல்லாதவர். யாராவது கதவைத் தட்டினால் திற, பசி என்றால் சாப்பாடு போடு, குளிர் என்றால் போர்வை கொடு. அவருடைய விசுவாசப் பிரமாணம் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

ஊருக்கு வந்த சில வருடங்களில் த்ரோக்மே இரண்டு காரியங்கள் செய்தார்.

ஒன்று, 1938-ல் எடுவார் தெய்ஸ் என்ற இன்னொரு போதகரோடு சேர்ந்து ‘புதிய செவனோல் பள்ளி’யைத் தொடங்கினார். பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் உயர்நிலைப் பள்ளி. முதல் வருடம் 18 மாணவர்கள். போர் முடிவதற்குள் சில நூறு. வேலை பறிக்கப்பட்ட, நாடு விட்டு ஓடிவந்த ஆசிரியர்களும் அங்கே பாடம் நடத்தினார்கள்.

இரண்டாவது, பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தார். மலையில் வீடுகள் சிதறிக் கிடக்கும். பனிக்காலத்தில் ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குப் போவதே பாடு. அதனால் ஊரை 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு இளைஞரைப் பொறுப்பாளர் ஆக்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர்கள் போதகர் வீட்டில் கூடுவார்கள். ஒரு வேதப்பகுதியை எடுத்துக்கொண்டு பேசுவார்கள். போதகர் சொல்வதை எழுதிக்கொண்டு போய் ஒப்பிப்பது இல்லை, விவாதிப்பது. இந்தச் சமாரியன் இன்று யார்? இந்த ஊரில் அடிபட்டுக் கிடப்பவன் யார்? இந்த வாரம் என்ன செய்யலாம்? பிறகு அவரவர் பகுதிக்குப் போய் அதே உரையாடலை நடத்துவார்கள்.

அப்போது அது சாதாரண வேதபாட ஏற்பாடுதான். பின்னால் அதுவே வேறு வேலைக்கு உதவியது. ஆளை எந்தப் பண்ணைக்கு அனுப்பலாம், யார் வீட்டில் இடம் இருக்கிறது, எந்தப் பாதையில் போலீஸ் வருகிறது என்ற செய்தியெல்லாம் ஓடிய நரம்பு அது. நல்ல சமாரியன் கதையை விவாதித்த அதே இளைஞர்கள், அதே வீடுகள்.

*

பிரான்ஸ் சரணடைந்த ஒப்பந்தம் 1940 ஜூன் 22-ல் கையெழுத்தானது. மறுநாள் ஞாயிறு. வன்முறை வந்து மோதினால் ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்பதே கிறிஸ்தவர்களின் கடமை என்று த்ரோக்மேயும் தெய்ஸும் பிரசங்கித்தார்கள். பெரிய வார்த்தைகள்தான். முதல் சோதனையோ மிகச் சின்னது. தினமும் காலையில் பள்ளிப் பிள்ளைகள் கொடிக்குக் கையை விறைப்பாக நீட்டி வணக்கம் வைக்க வேண்டும் என்று விஷி அரசு உத்தரவிட்டது. செவனோல் பள்ளியில் கொடிக்கம்பம் நடவில்லை. எதிரில் இருந்த அரசுப் பள்ளியின் கொடியருகே விருப்பப்பட்டவர்கள் போய் நிற்கலாம் என்றார்கள். நிற்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்து, ஒருநாள் யாருமே போகவில்லை. தடை இல்லை, தண்டனை இல்லை. வேண்டாம் என்று சொல்லிப் பழக ஒரு இடம் கிடைத்தது. லமிரானிடம் கடிதம் கொடுத்தவர்களும் இதே பள்ளியின் பிள்ளைகள்தான்.

அந்த முதல் பனிக்காலத்தில் ஒரு ஜெர்மன் யூதப் பெண் போதகர் வீட்டுக் கதவைத் தட்டினார். மக்தா உள்ளே கூப்பிட்டு, நனைந்த காலணிகளை அடுப்பில் காயவைத்துவிட்டு, அடையாளச் சீட்டுக் கேட்க ஊர்த்தலைவரிடம் ஓடினார். ஒரு வெளிநாட்டுக்காரிக்காக ஊரையே ஆபத்தில் தள்ளுவீர்களா என்று அவர் கத்தினார். ஏமாந்து திரும்பிவந்தால் காலணிகள் அடுப்பிலேயே கருகிப்போயிருந்தன. போர்க்காலம், ஒரு ஜோடி காலணி தேடுவதே பெரும்பாடு. இந்தக் கதை எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், இதில் புனிதர் யாரும் இல்லை. பயந்த தலைவர், அவசரத்தில் செருப்பைக் கருக்கிய வீட்டுக்காரம்மா, அப்புறம் ஊரெல்லாம் தேடல். இந்தக் களேபரத்தை எல்லாம் அந்த வீட்டின் நான்கு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு த்ரோக்மே மார்செய் நகரத்துக்குப் போய், தென்பிரான்சின் தடுப்பு முகாம்களில் உதவி செய்துகொண்டிருந்த க்வேக்கர் அமைப்பைச் சேர்ந்த பர்ன்ஸ் சால்மர்ஸ் என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். முகாமில் வந்து உதவுகிறேன் என்றார். முகாமில் ஆள் இருக்கிறது, நாங்கள் வெளியே எடுக்கிற குழந்தைகளை வைத்துக்கொள்ளத்தான் ஊர் இல்லை என்றார் சால்மர்ஸ். துரத்தப்பட்டவர் ஓடிவந்து தங்குவதற்கென்றே அடைக்கலப் பட்டணங்களை ஒதுக்கிவையுங்கள் என்று பழைய ஏற்பாட்டில் ஒரு கட்டளை உண்டு. த்ரோக்மேயின் மனதில் இருந்தது அது.

1941 மே மாதம் முதல் ‘லா கெஸ்பி’, ‘லாப்ரிக்’, ‘ஃபைதோலி’ என்று ஒவ்வொன்றாகக் குழந்தைகள் இல்லங்கள் திறந்தன. சுவிஸ் உதவி அமைப்பும் க்வேக்கர்களும் மற்றவர்களும் பணம் கொடுத்தார்கள். கூர்ஸ், ரிவ்ஸால்த் முகாம்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பனியில் சறுக்கினார்கள், சண்டை போட்டார்கள், கணக்கில் ஃபெயில் ஆனார்கள். உள்ளூர்ப் பையன் கற்க வேண்டியிருந்த ஒழுக்கம் ரொம்ப நடைமுறையானது. பக்கத்தில் இருப்பவனின் உண்மைப் பெயரைக் கேட்காதே. அவன் திடீரென்று ஒரு வாரம் வராவிட்டால் ஏன் என்று கேட்காதே. தெருவில் தெரியாத வண்டி வந்தால் ஓடிப்போய்ச் சொல்லு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வந்த பிள்ளைகளை மதம் மாற்றுவது இங்கே நோக்கமாக இருக்கவில்லை. யூதப் பண்டிகைகளைக் கொண்டாட இடம் இருந்தது. தன் விசுவாசத்தை அன்பால் காட்டு என்று ஒரு குழந்தையிடம் சொல்லும்போதே, அந்த அன்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது, இறுதியில் அவனை நம் பக்கம் இழுக்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே ஒலிப்பது உண்டு. குழந்தைகள் அதைச் சட்டென்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். கொடுப்பவனும் பிடிப்பான், வாங்குபவனும் பிடிப்பான்.

*

கடிதம் கொடுத்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் கடைசியில் போலீஸ் பேருந்துகளோடு வந்தது. யூதர்களின் பட்டியலைக் கொடுங்கள் என்றார்கள். த்ரோக்மே தரவில்லை. அதற்குள் செய்தி மலைப் பண்ணைகளுக்கெல்லாம் போய்விட்டது. வாரக்கணக்கில் தேடியும் பேருந்துகள் காலியாகவே நின்றன. முதலில் பிடிபட்ட ஒரே ஒருவர் வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தார். த்ரோக்மேயின் பையன் போய், பங்கீட்டில் கிடைத்துத் தான் பத்திரமாக வைத்திருந்த கடைசி சாக்லேட் துண்டை அவருக்குக் கொடுத்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்து கொடுக்க, அந்த மனிதரைச் சுற்றிப் பொருட்கள் குவிந்தன. கொஞ்ச நாளில் அவர் விடுவிக்கப்பட்டார்.

இந்தச் சாக்லேட்டையும் பார்டிகிள் பையன்களின் காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சின்னப் பையனின் சொத்துதான். ஒன்று அம்மா உத்தரவில் போனது. இன்னொன்றைக் கொடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

1943 பிப்ரவரியில் த்ரோக்மே, தெய்ஸ், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ரோஜே தார்சிசாக் மூவரும் கைதானார்கள். கைதுசெய்ய வந்த போலீஸ்காரர்களை மக்தா சாப்பிட உட்காரச் சொன்னார். கைதுக்கு வந்தவனுக்குச் சாப்பாடா என்று பின்னால் கேட்டவர்களுக்கு, சாப்பாட்டு நேரம், சொல்லாமல் எப்படி இருப்பது என்பதுதான் அவருடைய நிலை. நம்மூர்ப் பாட்டிகளுக்கு இது சட்டென்று புரியும்.

*

இனி, கதையின் கஷ்டமான பகுதிக்கு வருவோம். பொய்.

ஞாயிறு பள்ளியில் முதலில் சொல்லித்தருவது பொய் சொல்லாதே என்பது. இந்த ஊரிலோ பொய்யடையாளம் ஒரு குடிசைத் தொழில்போல நடந்தது. ஆஸ்கர் ரோசோவ்ஸ்கி என்ற இளைஞர், அவரும் தஞ்சம் தேடி வந்த யூதர்தான், ஆயிரக்கணக்கில் போலிச் சீட்டுகள் தயாரித்தார். அகதிகளை ‘பழைய ஏற்பாடுகள்’ என்று குறிப்பிட்டுச் சீட்டு எழுதினார்கள்: மூன்று பழைய ஏற்பாடுகள் அனுப்பியிருக்கிறேன், பத்திரம். பியர் பிடோன் என்ற பதின்வயது மாணவர் சாரணர் உடுப்பில் அகதிகளை சுவிஸ் எல்லை வரை கூட்டிப்போனார். த்ரோக்மேவுக்கே இதில் உறுத்தல் இருந்தது. தன் வாயால் பொய் சொல்வதைக் கடைசிவரை தவிர்க்கப் பார்த்தார். ஆனால் வீட்டுப் பிள்ளைகள் போலிப் பெயர்களுக்கு நடுவில்தான் வளர்ந்தார்கள்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு எதைக் கற்பித்தார்கள்? உண்மை பேசு, ஆனால் சில சமயம் பேசாதே என்றா? அப்படி ஒரு விதிவிலக்குப் பட்டியல் அவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகள் கண்டது வேறு. தங்கள் அப்பாவும் அம்மாவும் பொய் சொல்வதற்கு வருத்தப்படுவதையும், ஆனாலும் ஒரு உயிருக்காக அதைச் சுமப்பதையும் கண்டார்கள். அதே ஆட்கள் தங்களுடைய நோக்கத்தைப் பற்றி மட்டும் பொய் சொல்லவில்லை. யூதர்கள் எங்கே என்றால் சொல்ல மாட்டோம், இருக்கிறார்களா என்றால் இருக்கிறார்கள். லமிரானிடம் கொடுத்த கடிதத்தின் வினோதமும் இதுதான். ஒரு குழந்தைக்கு இந்த வித்தியாசத்தை வாய்வார்த்தையாக விளக்குவது மிகவும் கடினம். கூடவே வாழ்ந்தால் புரிகிறது.

*

விலையும் இருந்தது. 1943 ஜூன் 29 காலை, கெஸ்டாபோ ‘ரோஷ் இல்லம்’ என்ற மாணவர் விடுதியைச் சுற்றிவளைத்து 18 மாணவர்களைப் பிடித்தது. விடுதிப் பொறுப்பாளர் தானியல் த்ரோக்மே, போதகருக்கு உறவினர், அந்த நேரம் வேறு இல்லத்தில் இருந்தார். காட்டுவழியாக ஓடியிருக்கலாம். மாணவர்களோடு இருக்க வேண்டும் என்று தானாகவே வந்தார். 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் மருத்துவர் ரோஜே லெ ஃபோரெஸ்தியே, விடுதலை வாசலில் நிற்கும்போது, 1944 ஆகஸ்டில் லியோனுக்கு அருகே சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஆக, கேள்வி சும்மா இல்லை. சொந்தப் பிள்ளைகளை இந்த ஆபத்துக்குள் இழுக்கப் பெரியவர்களுக்கு உரிமை உண்டா? கதவைத் திறந்ததால் வந்தது இந்த ஆபத்து. அதே கதவை மூடியிருந்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு குழந்தையை வெளியே விட்ட வீட்டில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். அதுவும் ஒரு பாடம்தான், ஆயுளுக்கும் மறக்காது. அன்பைக் கற்பிக்காமல் ஒரு வீடு இருக்கவே முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. அன்பையோ, அன்பின்மையையோ, ஏதோ ஒன்றைக் கற்பித்துக்கொண்டேதான் இருக்கிறது.

*

இந்த ஊரைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஃபிலிப் ஹாலி 1979-ல் எழுதிய புத்தகம் அதை உலகறியச் செய்தது. 1944-ல் அங்கேயே பிறந்த யூதக் குழந்தையான பியர் சோவாஜ் பின்னாளில் ஆவணப்படம் எடுத்தார். 1990-ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் லெ ஷாம்போனுக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் கூட்டாக மரியாதைப் பட்டயம் வழங்கியது. காப்பாற்றப்பட்டவர்கள் 5,000 என்று சொல்லப்பட்டது, பல ஆய்வாளர்கள் அதைக் குறைத்துச் சொல்கிறார்கள். த்ரோக்மே ஒருவரையே நாயகனாக்குவதையும் மறுக்கிறார்கள். கத்தோலிக்கர்கள், டார்பியவாதிகள் எனப்படும் கண்டிப்பான சபையினர், நாத்திகர்கள், சுவிஸ் பணம், யூத அமைப்புகள், கண்டும் காணாமலிருந்த சில அதிகாரிகள் எல்லோருக்கும் பங்குண்டு. அந்தத் திருத்தங்கள் நல்லவைதான். ஒரு ஊரே சேர்ந்தால்தான் ஒரு பிள்ளைக்கு இதைக் கற்பிக்க முடியும் என்பதையே அவையும் சொல்கின்றன.

அந்த வருடங்களில் காசநோய்க்கு மலைக்காற்றுத் தேடி வந்த ஒரு எழுத்தாளர், சில கிலோமீட்டர் தள்ளி பனெலியே என்ற சிற்றூரில் தங்கி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். ஆல்பெர் காம்யு. நாவல் ‘கொள்ளைநோய்’. கடவுள் நம்பிக்கை இல்லாத அதன் மருத்துவர் செய்வதும் ஏறக்குறைய மக்தா செய்ததுதான்: எதிரில் இருப்பவருக்குத் தேவையானதைச் செய்வது, அதை வீரம் என்று சொல்ல மறுப்பது.

சோவாஜின் படத்தில் வயதான குடியானவர்களிடம் ஏன் செய்தீர்கள் என்று கேட்கும்போது, அவர்கள் தோளைக் குலுக்குகிறார்கள். செய்யாமல் எப்படி, பழக்கம்தானே என்கிற மாதிரி. முதலில் அந்தப் பதில் ஏமாற்றமாக இருக்கும். ஒரு தத்துவம், ஒரு வசனம், ஏதாவது சொல்லக் கூடாதா என்று தோன்றும். வசனம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒருவரையொருவர் நேசிக்கச் சொல்லும் வசனம் அவர்களுடைய ஆலய வாசலுக்கு மேலேயே பொறித்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து ஞாயிறுதோறும் அதற்குக் கீழே நுழைந்து போனவர்கள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டபோது அதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. எழுந்துபோய்த் திறந்தார்கள்.